பேனா கிடைக்காத வீடு

(மதுரையில் ஒரு திரைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். படம் ‘மெமெண்டோ’. இதுவரை பார்க்காதவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இன்று கதையை முழுக்கச் சொல்லித்தான் பேசப்போகிறேன். கதை தெரிந்தபின் பார்த்தாலும் இந்தப் படம் கெட்டுப்போகாது என்பது என் அனுபவம்.

நேட்டலி என்ற பெண்ணின் வீடு. தலையில் அடிபட்டதிலிருந்து புது நினைவு எதுவும் சில நிமிடங்களுக்குமேல் தங்காத லெனார்ட் ஷெல்பி உள்ளே தனியாக இருக்கிறான். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். நேட்டலி வருகிறாள். வாயோரம் ரத்தம், முகம் கன்றிப்போயிருக்கிறது. டாட் என்பவன் தன்னை அடித்துவிட்டதாகச் சொல்கிறாள். லெனார்ட் பதறுகிறான், ஆறுதல் சொல்கிறான், அந்த டாடைத் தேடிப் போக ஒப்புக்கொள்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் அந்தப் பெண்மேல் இரக்கம் சுரக்கிறது.  டாட்மேல் கோபம் வருகிறது.

சற்று நேரம் கழித்து, இதற்குச் சில நிமிடங்கள் முன்னால் அதே வீட்டில் நடந்ததைப் படம் காட்டுகிறது. டாடைக் கொல்லச் சொல்கிறாள் நேட்டலி. லெனார்ட் மறுக்கிறான். அவள் வீடு முழுக்கச் சுற்றி, கண்ணில் பட்ட பேனா பென்சில்களை எல்லாம் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். பிறகு அவனை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். இறந்துபோன அவன் மனைவியை இழிவாகப் பேசுகிறாள். உன்னை நான் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன், ஆனால் இதைச் சொன்னதே உனக்கு நினைவிருக்காது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். பொறுக்க முடியாமல் அவன் அவளை அடித்துவிடுகிறான். அந்த ரத்தம் அப்படி வந்தது. ரத்தம் வழியும் வாயோடு அவள் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்கிறாள். உட்கார்ந்து காத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

உள்ளே லெனார்ட் பேனா தேடுகிறான். மேசைமேல் இல்லை, இழுப்பறையில் இல்லை. நடந்ததை மறக்காமலிருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே துழாவுகிறான். ஒரு பேனா கிடைத்தால் போதும், இவள் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். வெளியே கார்க் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்கிறது. அவன் தலை திரும்புகிறது. அந்த ஒரு திரும்பலில் எல்லாம் போய்விட்டது. கதவைத் திறந்துகொண்டு, முகம் கன்றிய ஒரு பெண் உள்ளே வருகிறாள். அவன் பதறுகிறான்.

முதல் தடவை இந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு நேட்டலிமேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த வெட்கம்தான் அதிகம். பத்து நிமிடத்துக்கு முன்னால் அவளுக்காக இரக்கப்பட்டவள் நான். எனக்கு மூளையில் அடி எதுவும் படவில்லை. என் நினைவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முந்தின சம்பவம் தெரியாத இடத்தில் என்னை நிறுத்திவைத்துவிட்டால், நானும் லெனார்ட் மாதிரியேதான் நடந்துகொள்கிறேன்.

அந்தப் பேனாக் காட்சிக்கு மருத்துவ வரலாற்றில் நிஜமான ஒரு இணை உண்டு. ஹென்றி மோலேசன் என்பவர் வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953-ல், அவருடைய 27-வது வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை நிபுணர் அவர் மூளையின் இரண்டு பக்கங்களிலும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும் பங்கை அகற்றினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதற்குப்பின் புதிய நினைவு எதுவும் அவரிடம் தங்கவில்லை. அவர் 2008 வரை உயிரோடு இருந்தார். அதுவரை ஆய்வு நூல்களில் எச்.எம். என்ற இரண்டு எழுத்துகள்தான் அவர் பெயர். அவரை நெடுங்காலம் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒரு முறை 584 என்ற எண்ணைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து வந்து கேட்டபோது மோலேசன் சரியாகச் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டார்கள். ஐந்து, எட்டு, நாலு சேர்ந்தால் 17. எட்டை நினைவில் வைத்தால் மிச்சம் ஒன்பது. அதைப் பிரித்தால் ஐந்தும் நாலும். இந்தக் கணக்கையே உள்ளுக்குள் ஓயாமல் சுற்றவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கவனம் வேறு பக்கம் திரும்பிய அடுத்த நிமிடமே எண்ணும் போய்விட்டது, எண் ஒன்று சொல்லப்பட்டது என்பதும் போய்விட்டது.

லெனார்ட் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு இழுப்பறைகளைத் துழாவுவது இந்த 584-தான். அவனைத் தோற்கடிக்க ஒரு கார்க் கதவு போதும் என்று நேட்டலிக்குத் தெரிந்திருக்கிறது.

இனி படத்தைப் பற்றிச் சில தகவல்கள். கிறிஸ்டோபர் நோலன் 1998-ல் வெளிவந்த ‘ஃபாலோயிங்’ என்ற தன் முதல் படத்தை லண்டனில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். நடித்தவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்ததால் ஏறக்குறைய ஒரு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் படப்பிடிப்பு. அதிலேயே காலத்தைக் கலைத்துப் போட்டிருந்தார். நாயகனின் முடியையும் உடையையும் முகத்துக் காயத்தையும் பார்த்துத்தான் இது எந்தக் கட்டம் என்று நாம் அனுமானிக்க வேண்டும். இரண்டாவது படம் ‘மெமெண்டோ’. 1996-ல் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அண்ணனும் தம்பியுமாகக் காரில் போகும்போது தம்பி ஜொனாதன் நோலன் சொன்ன கதைக் கரு அது. தம்பி அதைச் சிறுகதையாக எழுதினார், அண்ணன் திரைக்கதையாக எழுதினார். 25 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. 2000-ம் ஆண்டு வெனிஸ் விழாவில் காட்டியபோது நல்ல வரவேற்பு. அப்படியும் அமெரிக்க விநியோகஸ்தர்கள் யாரும் வாங்க முன்வரவில்லை. தயாரிப்புக்குப் பணம் போட்ட நியூமார்க்கெட் நிறுவனமே 2001-ல் 11 திரையரங்குகளில் வெளியிட்டது. பிறகு படம் தானாகவே பரவியது. திரைக்கதைக்கும் டோடி டோர்னின் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது கிடைக்கவில்லை. அந்தத் தொகுப்புக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

படத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: கொண்டை ஊசி வளைவு. நோலனே அப்படித்தான் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 வளைவுகள் என்பார்கள். இங்கே ஒரே ஒரு வளைவு. அதன் ஒரு கரம் கறுப்பு வெள்ளை. விடுதி அறையில் லெனார்ட் உட்கார்ந்து யாருடனோ தொலைபேசியில் பேசுகிறான். இது வழக்கமான முறையில் முன்னோக்கிப் போகிறது. இன்னொரு கரம் வண்ணம். கதையின் கடைசிச் சம்பவத்தில் தொடங்கி, துண்டு துண்டாகப் பின்னோக்கி வருகிறது. ஒரு கறுப்பு வெள்ளை, ஒரு வண்ணம் என்று மாறி மாறிப் பின்னியிருக்கிறார்கள். மலையடிவாரத்திலிருந்து ஒரு கார் ஏறுகிறது, உச்சியிலிருந்து இன்னொன்று பின்பக்கமாகவே இறங்குகிறது. இரண்டும் வளைவில் சந்திக்கும் இடம்தான் படத்தின் முடிவு. ஆனால் நடந்த வரிசைப்படி பார்த்தால் அது கதையின் நடுப்பகுதி. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

வண்ணத் துண்டு ஒவ்வொன்றும் முடியும்போது, முன்பு பார்த்த துண்டின் தொடக்கம் சில வினாடிகள் திரும்ப வரும். நேட்டலி வீட்டில் அந்தக் கார்க் கதவுச் சத்தம் அப்படிப்பட்ட ஒரு தையல். முதலில் கேட்கும்போது அது வெறும் சத்தம். இரண்டாவது தடவை கேட்கும்போது நெஞ்சு திடுக்கென்கிறது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நமக்கு ஒரு முன்கதை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிளாஷ்பேக் நமக்குப் புதிதல்ல. 1954-லேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்துவிட்டார். பாட்டே இல்லாத படம். வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக்கொல்லப்படுகிறான். விசாரணையில் ஒவ்வொருவரும் தாங்கள் கண்ட ராஜனைச் சொல்கிறார்கள். ஜப்பானில் ‘ராஷோமோன்’ வந்து நாலு வருடத்துக்குள் சென்னையில் அந்தத் துணிச்சல் வந்துவிட்டது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கும். அங்கே ஒவ்வொரு பிளாஷ்பேக்கும் நம் கையில் ஒரு துண்டைக் கொடுக்கிறது. துண்டுகள் சேரச் சேரக் கொலையாளி யார் என்று தெளிகிறது. நிகழ்காலம் கெட்டியாக இருக்கிறது, அங்கே நின்றுகொண்டு கடந்த காலத்தை எட்டிப் பார்க்கிறோம்.

‘மெமெண்டோ’வில் நிற்பதற்கு அப்படி ஒரு நிகழ்காலம் கிடையாது. லெனார்ட் ஓடிக்கொண்டிருப்பதிலிருந்து ஒரு துண்டு தொடங்குகிறது. ஓடிக்கொண்டே தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறான், நான் எதற்கு ஓடுகிறேன் என்று. எதிரே இன்னொருவன் ஓடுவது தெரிகிறது. சரி, அவனைத் துரத்துகிறேன் போல என்று அவன் பக்கம் போகிறான். மற்றவன் துப்பாக்கியால் சுடுகிறான். அப்போதுதான் புரிகிறது, துரத்துவது அவன். அரங்கில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது: லெனார்ட்தான் துரத்துகிறான் என்றுதானே நானும் நினைத்தேன்?

வழக்கமான த்ரில்லரில் அடுத்தது என்ன என்ற கேள்விதான் நம்மை நாற்காலி நுனிக்கு இழுக்கும். இங்கே அடுத்தது என்ன என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். முதல் நிமிடத்திலேயே டெடி என்பவனை லெனார்ட் சுட்டுக் கொன்றாகிவிட்டது. மிச்சப் படம் முழுக்க ஏன் என்ற ஒரே கேள்விதான். காரணம் தெரியாத இடத்தில் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை, தாங்களாகவே ஒரு காரணத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். லெனார்டின் ஜாகுவார் காரில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. அவன் போட்டிருப்பது விலையுயர்ந்த சூட். பார்த்ததும் இவன் வசதியானவன் என்று முடிவுகட்டிவிடுகிறோம். காரும் சூட்டும் அவன் கொன்ற இன்னொருவனுடையவை என்பது கடைசியில்தான் தெரிகிறது.

லெனார்ட் காப்பீட்டு நிறுவனத்தில் கோரிக்கைகளை விசாரிக்கும் வேலையில் இருந்தவன். மனைவியைத் தாக்கியவர்களோடு போராடியபோது தலையில் அடிபட்டு இந்த நிலைக்கு வந்தவன். அடிபடுவதற்கு முந்தின வாழ்க்கை முழுக்க நினைவிருக்கிறது, அதற்குப் பிந்தியது எதுவும் சில நிமிடங்களுக்குமேல் நிற்பதில்லை. கறுப்பு வெள்ளைப் பகுதியில் அவன் சொல்லிக்கொண்டிருப்பது, வேலையில் இருந்த காலத்தில் தான் விசாரித்த சாமி ஜான்கிஸ் என்பவரின் கதை. சாமிக்கும் இதே நோய். மின்சாரம் பாய்ச்சிய பொருளைத் தொட்டுத் தொட்டு அதிர்ச்சி வாங்குகிறார், ஆனால் எதைத் தொடக்கூடாது என்று கைக்குப் படியவில்லை.

இந்தச் சோதனை எங்கோ வானத்திலிருந்து வந்ததல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எட்வார்ட் கிளாபரேட் என்ற உளவியலாளர் 1911-ல் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. புது நினைவு தங்காத ஒரு பெண்மணியோடு கைகுலுக்கும்போது விரலிடுக்கில் ஒரு குண்டூசியை ஒளித்துவைத்துக் குத்திவிட்டார். அந்தப் பெண்மணிக்குச் சம்பவம் மறந்துபோனது. ஆனால் அடுத்த முறை கிளாபரேட் கை நீட்டியபோது அவர் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை. மோலேசனிடமும் இதுதான். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். ஒவ்வொரு நாளும் இதைப் புதிதாகச் செய்வதாகவே நினைத்தார்.

இந்த அறிவியல் லெனார்டுக்குத் தெரியும். உடம்பு கற்றுக்கொண்டிருக்க வேண்டும், சாமியின் உடம்பு கற்கவில்லை, ஆகவே இது மூளைக் கோளாறில்லை, மனக் கோளாறு என்று எழுதிக் காப்பீட்டுத் தொகையை மறுத்துவிடுகிறான். சாமியின் மனைவிக்கு நீரிழிவு. கணவர் நடிக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாள் ஒரு சோதனை வைக்கிறார். இன்சுலின் போட்டுவிடச் சொல்கிறார். போட்டதும் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிவைத்து, மறுபடியும் ஊசி நேரமாயிற்று என்கிறார். சாமி போடுகிறார். மறுபடியும் கடிகாரத்தைத் திருப்புகிறார், மறுபடியும் ஊசி. அந்த அம்மாளின் முகத்தை நான் மறக்கவில்லை. ஒரு தடவையாவது இவர் நிறுத்திவிட மாட்டாரா என்று எதிர்பார்த்துக்கொண்டே, தன் உயிரை வைத்துச் சோதிக்கிற முகம். படத்தில் துப்பாக்கி பல இடங்களில் வருகிறது. எனக்கு அவற்றைவிடப் பயங்கரமானது அந்தக் கடிகாரம்.

நினைவை நம்பக்கூடாது என்று டெடியிடம் லெனார்ட் வாதிடும் ஓர் இடமும் உண்டு. நினைவு ஓர் அறையின் அமைப்பை மாற்றிவிடும், காரின் நிறத்தை மாற்றிவிடும், எழுதிவைத்த சான்றுதான் நம்பத்தக்கது என்பது அவன் கட்சி. அதில் பாதி முழுக்கச் சரி. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் கார் விபத்துப் படங்களைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார். கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று சிலரிடம், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடம். ஒரே காட்சிதான், கேள்வியின் சொல் மாறியதற்கே வேகம் கூடிப்போனது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்த’ என்று கேட்டவர்களில் 7 பேர். அந்த விபத்துப் படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

லெனார்ட் சறுக்குவது மறுபாதியில். எழுதிவைத்தது நம்பத்தக்கது என்கிறான். எழுதியவன் யார், எந்த மனநிலையில் எழுதினான்? அவன் கையிலிருக்கும் போலராய்டு படங்களைப் பாருங்கள். ஒரு முகம், கீழே வெள்ளைப் பட்டையில் அவன் கையெழுத்தில் ஒரு வரி. டெடியின் படத்தில், இவன் பொய்களை நம்பாதே என்று எழுதியிருக்கிறது. படம் முழுக்க நாம் டெடியைப் பார்க்கும் பார்வையையே அந்த ஒரு வரி தீர்மானித்துவிடுகிறது. அவன் சிரித்தால் நடிப்பு, உதவி செய்தால் சூழ்ச்சி. எழுதியது லெனார்ட் என்பதால் நம்பினோம். லெனார்டை ஏன் நம்பினோம்? அவன் பாவம் என்பதால்.

இங்கே ‘கஜினி’யைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2005-ல் ஏ.ஆர். முருகதாஸ் எடுத்த அந்தப் படம் நம் ஊரில் ஒரு புதுச் சொல்லையே கொடுத்துவிட்டது. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவரைப் பார்த்து, என்னடா கஜினியா என்று இன்றும் கேட்கிறோம். 15 நிமிட நினைவு, உடம்பெல்லாம் பச்சை குத்திய குறிப்புகள், போலராய்டு படங்கள் எல்லாம் ‘மெமெண்டோ’வின் சாயல். அதைச் சொல்லிச் சொல்லிப் படத்தை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். சூர்யாவின் உழைப்பும், அசினின் கல்பனா கொண்டுவந்த வெளிச்சமும் எனக்குப் பிடித்தவை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ‘கஜினி’யில் கடந்த காலம் டைரிகளில் இருக்கிறது. காவல் அதிகாரி ஒரு டைரியைப் படிக்கிறார், சித்ரா என்ற பெண் இன்னொன்றைப் படிக்கிறாள். டைரி திறந்ததும் காதல் கதை வரிசையாக, தெளிவாக, வண்ணமயமாக வருகிறது. அந்த டைரி பொய் சொல்லாது. நாயகன் சஞ்சய் ராமசாமி மறந்திருக்கலாம், ஆனால் அவன் காதல் உண்மை, அவன் எதிரி உண்மையான எதிரி. நினைவு போனாலும் உண்மை எங்கோ பத்திரமாக இருக்கிறது என்ற ஆறுதலின்மேல் நிற்கும் படம் அது. நோலன் நோயோடு சேர்த்து அந்த ஆறுதலையும் எடுத்துவிட்டார். நோயை இங்கே கொண்டுவந்தார்கள், அந்த இல்லாமையைக் கொண்டுவரவில்லை. நம் ரசிகர்களுக்கு அது தாங்காது என்று யாராவது நினைத்திருந்தால், தாங்கியிருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

இந்தப் படத்தைப் பற்றி இத்தனை வருடமாக நான் பேசிக்கொண்டிருப்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. என் அப்பாவுக்குக் கடைசி நாலு வருடம் மறதி நோய். லெனார்டுக்கு வந்தது வேறு, இது வேறு. ஆனால் குறிப்பு எழுதிவைத்து வாழ்வது மட்டும் ஒன்றுதான். தபால் துறையில் இருந்தவர், எழுத்தில் இருப்பதைத்தான் நம்புவார். அவருக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். மாத்திரை நேரம், வீட்டு விலாசம், என் பெயர், தம்பி பெயர். அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டாள். அப்பா தினமும் கேட்பார், “உங்க அம்மா எங்கம்மா?” முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் சாவு. மூன்றாவது நாள் என்னால் தாங்க முடியவில்லை. நோட்டில் எழுதிவிட்டேன்: அம்மா திருமங்கலத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வருவாள்.

அதன்பிறகு அழுகை நின்றது. கேட்கத் தோன்றினால் நோட்டைப் புரட்டுவார், படிப்பார், தலையாட்டிக்கொள்வார். ஒரு மாதம் போயிருக்கும். நான் எழுதிய வரிக்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது: வெள்ளி, பஸ் ஸ்டாண்டு போகணும். அன்று வெள்ளிக்கிழமை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, குடையோடு நின்றுகொண்டிருந்தார். அந்தத் தாளை நான் கிழித்திருக்கலாம், கிழிக்கவில்லை. அடுத்த வெள்ளியும் நின்றார்.

அப்பா போனபிறகு ‘மெமெண்டோ’வை மறுபடி பார்த்தேன். வளைவுக்கு வந்து சேர்ந்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

அந்த வளைவில் நடப்பது இதுதான். பாழடைந்த ஒரு கட்டடத்தில் ஜிம்மி என்பவனைத் தன் மனைவியின் கொலையாளி என்று நம்பி லெனார்ட் கொல்கிறான். போலராய்டில் படம் எடுக்கிறான். கையிலிருக்கும் படம் மெல்லத் தெளிந்து நிறம் பிடிக்கிறது, அதோடு சேர்ந்து நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படமும் வண்ணத்துக்கு மாறுகிறது. இரண்டு கரமும் சேர்ந்துவிட்டன. டெடி வருகிறான், உடைத்துச் சொல்கிறான். உண்மையான குற்றவாளியை நீ ஒரு வருடத்துக்கு முன்பே கொன்றுவிட்டாய். உன் மனைவி அந்தத் தாக்குதலில் சாகவில்லை. நீரிழிவு இருந்தது உன் மனைவிக்கு. சாமியின் கதை உன் கதை.

டெடி சொல்வது மெய்யா பொய்யா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. சாமி மனநல விடுதியில் உட்கார்ந்திருக்கும் காட்சியில், யாரோ குறுக்கே நடந்துபோகும் கண நேரத்தில் அந்த நாற்காலியில் லெனார்ட் உட்கார்ந்திருப்பது தெரியும். அதை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகப் போவதில்லை, ஏனென்றால் அடுத்து வருவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஜிம்மியின் பிணத்தைக் காட்டும் படத்தையும், பழிவாங்கி முடித்ததைக் காட்டும் தன் பழைய படத்தையும் லெனார்ட் கொளுத்துகிறான். போலராய்டுக்கு நெகட்டிவ் கிடையாது, எரிந்தால் எரிந்ததுதான். டெடியின் படத்தை எடுத்து, இவன் பொய்களை நம்பாதே என்று எழுதுகிறான். டெடியின் கார் எண்ணைக் குற்றவாளியின் கார் எண்ணாகக் குறித்துக்கொண்டு, மறக்காமலிருக்க அதை உடம்பில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறான். இன்னும் சில நிமிடத்தில் எல்லாம் மறந்துவிடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, நாளைக்கு வரப்போகும் தனக்கு ஒரு பொய்யை எழுதி அனுப்புகிறான். எதையும் நம்ப முடியாத இந்தப் படத்தில் நம் கண்ணெதிரே, ஐயத்துக்கிடமில்லாமல் நடக்கும் ஒரே உண்மை, ஒரு பொய் எழுதப்படுவது.

தலைகீழ் வரிசை வெறும் வித்தை, நேராக அடுக்கினால் இது சாதாரணக் கதை என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். சிறப்புப் பதிப்பு டிவிடியில் படத்தை நேர் வரிசையில் பார்க்கும் வசதியை ஒளித்துவைத்திருந்தார்கள். நான் பார்த்தேன். அந்த வரிசையில் லெனார்ட் பொய் எழுதுவது முன்னாலேயே வந்துவிடுகிறது. அதற்குப்பின் ஒரு பொய்யனை வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறோம். நேட்டலி பேனாவை எடுத்துப் பைக்குள் போடும்போது, சரிதான், இவனுக்கு இதுவும் வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த வீட்டில் லெனார்டோடு சேர்ந்து நாமும் பேனா தேடுவதில்லை. நோலனின் வரிசையில் மட்டும்தான் நாம் தேடுகிறோம். நம்பி, இரக்கப்பட்டு, அவனுக்காகக் கோபப்பட்டு, எல்லாம் செய்து முடித்தபிறகு அந்தப் பொய்யின் பிறப்பைப் பார்க்கிறோம். பார்க்கும்போது அவனை விட்டு விலக நமக்கு வழியில்லை. எனக்கு நிச்சயமாக இல்லை. பேனா என் கையிலும் இருந்திருக்கிறது.

இப்போது படத்தைத் திரையிட விளக்கை அணைக்கப் போகிறார்கள். முதல் காட்சியில் ஒரு கை போலராய்டு படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உதறுகிறது. நேரம் போகப் போகப் படம் தெளிய வேண்டும், இங்கே மங்கிக்கொண்டே போகிறது. தாள் வெறும் வெள்ளையானதும் கேமராவுக்குள் போய்விடுகிறது. தரையில் ரத்தம் பின்னோக்கி ஓடுகிறது, தோட்டா உறை உருண்டு எழும்புகிறது, மூக்குக்கண்ணாடி டெடியின் முகத்துக்குத் திரும்புகிறது. படத்தில் நிஜமாகவே பின்னோக்கி ஓடும் காட்சி இது ஒன்றுதான். அதில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். படத்தைப் பிடித்திருக்கும் அந்தக் கையை மட்டும் பாருங்கள், முக்கியமாக அது எத்தனை நிதானமாக இருக்கிறது என்பதை.